கூட்டிக்கினு வந்ததுக்கு ஆயிரம் ரூபாய்

ஷூ கம்பெனியில் எங்கள் பகுதிக்கு ஆள் போதவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து கையைத் தட்டினார்.

"யாராவது தெரிஞ்ச பொண்ணு இருந்தா கூட்டிக்கினு வாங்கம்மா. அந்தப் பொண்ணு மூணு மாசம் நின்னுச்சுன்னா கூட்டிக்கினு வந்தவங்களுக்கு ஆயிரம் ரூபா."

"என் மாமியாரக் கூட்டிக்கினு வரேன் சார். மூணு மாசம் இங்கயே வச்சுக்குங்க, காசு கூட வேணாம்" என்றாள் ஒருத்தி. டப்பாவை மூடிக்கொண்டே எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. யாராவது எதையாவது தருகிறேன் என்றால் அதில் என்ன வம்பு வரும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரியாத விஷயம் எல்லாமே எனக்குப் பயம்தான்.

என் சிநேகிதி பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் எங்கள் தறி, அந்தப் பக்கம் அவர்கள் தறி. நான் கம்பெனிக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால், என் தறி சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சுவரைத் தட்டி "என்னடி, தூங்கிட்டியா?" என்பாள். கம்பெனிக்கு வருகிறேன் என்று அவளேதான் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஆயிரம் ரூபாய் பேச்சு வந்த அடுத்த திங்கட்கிழமை கூட்டிப்போனேன்.

கேட்டில் சூப்பர்வைசர், "யாரு கூட்டிக்கினு வந்தது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அந்தக் கையை இறக்கியதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் என் அப்பா. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முதலாளி வீட்டுத் தறிக்கு நீ ஒரு ஆளைச் சொல்லி உட்கார வைத்தால், அந்த ஆளுக்கு நீதான் பொறுப்பு. அவன் பாதியில் விட்டுவிட்டுப் போனால், தறியில் ஏற்றின மிச்சப் பாவு நூலை நீ நெய்து முடிக்க வேண்டும். அப்பா தென்னேரியிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அவன் ஒரு சேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். அப்பாவை யாரும் வந்து கேட்கவில்லை. அவராகவே தன் தறியில் வேலை முடிந்ததும் எழுந்து போய் அந்தத் தறியில் உட்கார்ந்தார். முந்தானை வரைக்கும் நெய்து அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அதற்கு அவருக்கு யாரும் காசு தரவில்லை. இங்கே காசும் தருகிறார்கள் என்றால் பொறுப்பு இன்னும் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வராமல் போனால் எதற்குப் பேச்சு என்று இருந்துவிட்டேன்.

தினமும் விடியும் முன்னால் போய் அவள் கதவைத் தட்டினேன். வேன் வந்து நின்று அவள் வராவிட்டால், ஒரு காலைப் படியில் வைத்து ஒரு காலைத் தரையில் வைத்து நிற்பேன். "ஏறினா ஏறு, எறங்கினா எறங்கும்மா. வேனுக்கு முட்டு குடுத்த மாதிரி நிக்கிற" என்று டிரைவர் திட்டுவார். கருட சேவை அன்றைக்கு வேன் ஊருக்குள் வர முடியாமல் வெளியிலேயே நின்றது. கூட்டத்துக்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாமி பின்னாடியே வருதுடி. ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன்."

"சாமி அடுத்த வருஷமும் வரும். வேன் வராது."

சாமிக் குடையின் நுனி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

அவளுக்கு மடிக்கிற மேசையில் வேலை. தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். அந்தச் சொல்யூஷன் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சோத்துல கூட அதே நாத்தம் வருதுடி. மண்டை வலி தாங்கல. நான் தறிக்கே போயிடறேன்" என்றாள்.

"இன்னும் பதினஞ்சு நாள் பாருடி. பழகிடும்."

மூன்று மாதம் முடிய அவ்வளவு நாள்தான் பாக்கி. ஏன் பதினைந்து நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

இரண்டு நாள் கழித்து வேனில், மாமியாரைக் கூட்டி வருகிறேன் என்றவள் என் சிநேகிதியிடம் வாயைத் திறந்தாள். "உன் கூட்டாளி எங்களுக்கெல்லாம் எப்ப பிரியாணி வாங்கித் தரப்போறா? உன் தலைக்கு ஆயிரமாச்சே."

"என்னா ஆயிரம்?"

அவளே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். என் சிநேகிதி என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குத்தான் டெய்லி வந்து கதவத் தட்டினியா?"

"இல்லடி" என்றேன்.

"சரி" என்றாள். ராஜகுளம் ஏரி தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

அன்றோடு வேலையை விட்டு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மறுநாள் நான் தெருமுனைக்குப் போவதற்குள் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒருநாளும் நான் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. மண்டை வலி என்றும் சொல்லவில்லை. நெற்றியில் தைலம் மட்டும் பளபளக்கும். எனக்காக வருகிறாளா, என் மூஞ்சியில் அடிக்க வருகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே, "பாதியக் குடுத்துடு" என்றார்.

"குடுத்தா காசுக்காகத்தான் செஞ்சேன்னு ஆயிடும்ல?"

"அப்ப குடுக்காத."

"குடுக்காட்டியும் அப்படித்தான நெனப்பா?"

"அப்ப என்னதான் பண்ணப்போற? அந்த ஆயிரத்துக்குக் கோயில் கட்டப்போறியா?"

மூன்று மாதம் முடிந்தது. சம்பளக் கவரில் ஆயிரம் ரூபாய் சேர்ந்து வந்தது. வேன் இறக்கிவிட்ட பிறகு, தெருவில் நடந்துகொண்டே ஐந்நூறை நீட்டினேன்.

"என்னாது?"

"பாதி."

"எதுக்குப் பாதி?"

"மூணு மாசம் நின்னது நீதானே."

"கூட்டிக்கினு போனது நீயாச்சே."

அவள் வேண்டாம் என்று தள்ளுவாள், நான் கட்டாயப்படுத்துவேன், இரண்டு பேரும் கொஞ்சம் அழுவோம் என்றெல்லாம் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவள் நோட்டை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். தக்காளி வாங்கின மிச்சத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி.

"நாளையிலேருந்து நான் வரல. தட்டாத" என்றாள்.

"சரி" என்றேன்.

மறுநாள் அவள் மேசையில் தோல் துண்டுகள் அப்படியே கிடந்தன. இடது காலுக்கு மடித்து முடித்திருந்தாள், வலது காலுக்கு இல்லை. என் வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்தேன். சொல்யூஷன் தடவினேன், மடித்தேன், தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சூப்பர்வைசர் பார்த்தார்.

"வேன் நிக்குது. இங்க என்னாம்மா பண்ற?"

"அவ பாதியில உட்டுட்டுப் போயிட்டா சார். முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"அத நீ ஏன் பண்ற?"

"நான்தானே சார் கூட்டிக்கினு வந்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், கிண்டலாகச் சிரிக்கவில்லை. "அதான் மூணு மாசம் ஆயிடுச்சே, காசும் குடுத்தாச்சே. இனிமே அந்தப் பொண்ணு நின்னா என்ன, போனா என்ன? உனக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடையாது. எழுந்திரும்மா."

உனக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடையாது. இத்தனை நாள் இருந்த பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேனுக்கு நடந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது, பையை வைத்துக்கொண்டேன். என் பங்கு ஐந்நூறு எதில் செலவானது என்று இன்றைக்கும் நினைவில்லை.

அடுத்த நாள் விடியும் முன்னால் தெருவில் இறங்கினேன். கால் பழக்கத்தில் அவள் வாசலில் போய் நின்றுவிட்டது. இன்றைக்குத் தட்டினால் அதற்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் தட்டாதே என்று சொல்லியிருந்தாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, தறி நிற்காமலே அவள் குரல் மட்டும் வந்தது.

"வேன் போயிடும். போடி."

போனேன்.