இரண்டு வீட்டு ஓணம்

பொன்னுலிங்கம் தேரூர்க்காரர். துணை மின்நிலையத்தில் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரை போடுவதைவிட அரை வயிற்றோடு எழுந்துவிடுவதுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் அது முடிந்தது. திருவோணத்தன்று முடியவில்லை.

அவருடைய அண்ணன் வள்ளிநாயகத்துக்கும் தம்பி ஸ்ரீகுமாருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவரைப் பற்றிய சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. இரண்டு வீட்டிலிருந்தும் இவருக்கு ஓணச் சாப்பாட்டுக்கு அழைப்பு வரும். இவர் மனைவி நாகம்மை சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போவதில்லை. அவள் வராததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கூடப்பிறந்தவர் அப்படி இருந்துவிட முடியாது.

அந்த வருடம் இரண்டு இடத்திலும் பாதி பாதியாகச் சாப்பிடுவது என்று தீர்மானித்துப் போனார். அண்ணன் வீட்டில் புளிசேரி என்ற மோர்க்குழம்புக்கு மறுபடியும் சோறு வந்தபோது இலைக்கு மேலே கையை விரித்தார். மதினி கரண்டியைத் திருப்பவில்லை.

“அங்க போயித் திங்கதுக்கு வயித்துல எடம் வச்சிருக்கேரோ, கொழுந்தனாரே?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சர்க்கரை என்று சொன்னால், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்பார். பொன்னுலிங்கம் கையை எடுத்தார். சோறு விழுந்தது. அடைப்பிரதமன் பாயசமும் இரண்டு தடவை விழுந்தது.

தம்பி வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தார்கள். அவியலின் மணமே குமட்டியது. நெற்றி வேர்த்தது. நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்றார்.

“அங்க வயிறு முட்டத் தின்னுட்டு, இங்க வந்து சீக்கு சொல்லுகியே அண்ணா,” என்றான் ஸ்ரீகுமார், மெதுவாக.

சத்தம் போட்டிருந்தால்கூட எழுந்து போயிருக்கலாம். பொன்னுலிங்கம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் கரையில் குனிந்து அத்தனையையும் வாந்தியெடுத்தார்.

அடுத்த திருவோணத்துக்குப் பகல் டியூட்டியைத் தானே கேட்டு வாங்கினார். அதை அறிந்து இரண்டு வீட்டிலிருந்தும் சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, மீதியை உடன் வேலை பார்த்தவர்களுக்குப் பரிமாறினார். மதினி போனில் விசாரித்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை என்றார். தம்பியிடமும் அதையே சொன்னார்.

இப்போது வருடாவருடம் டியூட்டிதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாகம்மை தனியாக இலை போட்டுச் சாப்பிடுகிறாள். ஒரு ஓணத்துக்காவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று இந்த முறை கேட்டாள்.

“இருந்தா ரெண்டு வீட்டுக்கும் போவணும்லா,” என்றார் பொன்னுலிங்கம்.