வாத்து அடங்குகிற பெட்டி

ஏற்காட்டுக்கு மூன்று நாள் போய்வரலாம் என்று கணவர் சொன்னபோது எனக்கு மலையோ ஏரியோ நினைவுக்கு வரவில்லை. வாத்துதான் வந்தது.

வாத்து என்பது என் மகன் வெளிக்குப் போகிற பிளாஸ்டிக் இருக்கை. மஞ்சள் நிறம். முதுகு குழிந்திருக்கும். முன்னால் நீண்ட கழுத்தும் ஆரஞ்சு அலகும். அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். மூன்றரை வயதாகிறது. வேறு எதிலும் உட்கார மாட்டான். வானூரில் ஒரு கல்யாணத்துக்கு வாத்து இல்லாமல் போனோம். கல்யாணம் முடிகிறவரை அடக்கிக்கொண்டே இருந்துவிட்டு, திரும்பும் வழியில் வயிறு கல்லாகிக் காய்ச்சலும் வந்துவிட்டது. "படிச்சவங்கதானம்மா நீங்க?" என்று குழந்தை டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது.

ஆகவே ஏற்காட்டுக்கு வாத்து வந்தே ஆகவேண்டும். கணவர் அதை ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"பொட்டிக்குள்ள வந்தா வரட்டும். பஸ்ல இத்த கையில தூக்கிக்கினு வரச் சொன்னா நான் வர்ல. ஆபீஸ் ஆளுங்க யாராச்சும் பாத்தா அப்பறம் வாழ்நாள் பூரா வாத்துதான் என் பேரு."

எங்கள் வீட்டில் இருந்த எந்தப் பெட்டியிலும் வாத்து அடங்கவில்லை. உடம்பு போனால் கழுத்து வெளியே நின்றது. கழுத்தைச் சாய்த்தால் மூடி மூடவில்லை. அதனால் வாத்தைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, மகனையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போனேன்.

பெட்டிக் கடைக்காரர் மரியாதையான மனிதர். "எத்தினி பேருக்குத் துணி வெக்கணும் மேடம்?" என்று கேட்டார்.

"துணி இருக்கட்டும். இதோட ஆழம் எவ்ளோங்க?"

"இன்னா வெக்கப் போறீங்கன்னு சொன்னா அதுக்குத் தோதா காட்டுவேன்."

"கொஞ்சம் ஒசரமான சாமான்."

"குத்துவிளக்குங்களா?"

நான் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. குத்துவிளக்கு என்றால் கௌரவமாக இருந்தது.

"குத்துவிளக்குன்னா கழட்டி வெச்சிடலாமே."

"இது கழலாதுங்க."

"கழலாத குத்துவிளக்கா?" என்று அவர் யோசிக்க ஆரம்பித்த நேரத்தில் மகன் துண்டை உருவிவிட்டான். "அங்கிள், இது என் வாத்து. நான் இதுலதான் ஆயி போவேன்."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு ஏதாவது ஒரு பெட்டிக்குள் நானே இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைக்காரர் மட்டும் கலங்கவில்லை. வாத்தை வாங்கி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து உட்கார வைத்தும் படுக்க வைத்தும் பார்த்தார். பள்ளிக்கூடப் பை வாங்க வந்திருந்த ஒரு அம்மா, "தலகீழா வெச்சிப் பாருங்க" என்றார். பெல்ட் வாங்க வந்திருந்த பெரியவர், "மூக்க மட்டும் கொஞ்சம் அறுத்துட்டா கரெக்டா பூந்துடும்" என்றார். அதைக் கேட்டு மகன் போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் வாத்து அடங்கியது கடையிலேயே பெரிய கறுப்புப் பெட்டியில். அதைப் பெட்டி என்று சொல்வதே தவறு. சக்கரம் வைத்த பீரோ.

வீட்டுக்கு வந்து, குத்துவிளக்குக் கதையைக் கணவரிடம் சொல்லிக்கொண்டே அடுக்கிப் பார்த்தால் பாதிப் பெட்டியை வாத்தே எடுத்துக்கொண்டது. பெட்டிக்குள் வெற்றிடம் விடக்கூடாது, குழிவான சாமான்களுக்குள் துணியைச் செருக வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியே செய்தேன்.

"என் சட்டையெல்லாம் எங்க?" என்றார் கணவர்.

"வாத்துக்குள்ள."

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். "எதுக்குள்ள?"

"சுடுதண்ணி ஊத்திக் கழுவியாச்சுங்க. கவர்ல சுத்தித்தான் வெச்சிருக்கேன்."

"உன் பொடவைய வெக்கிறதுதான?"

"பொடவை கசங்கிடும்."

பெட்டியை மூடிய பிறகுதான் புதுக் கவலை வந்தது. வாத்து வரும், சரி. ஆனால் பழக்கமில்லாத குளியலறையில், புதுச் சுவர்களுக்கு நடுவே, அதே வாத்தில் அவன் உட்காருவானா? பிள்ளைகளைப் புது இடத்துக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாசித்ததும் நினைவுக்கு வந்தது. அதனால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். திண்டிவனத்தில், நான் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா வீடு இருக்கிறது. முழுப் பெட்டியோடு அங்கே போய் ஒரு ராத்திரி தங்குவது. மகன் அங்கே போய்விட்டான் என்றால் ஏற்காட்டிலும் போவான்.

"போய்ப் பாரு. ஆனா அக்காகிட்ட ஒத்திகை கித்திகைன்னு சொல்லாத, மானம் போயிடும்" என்றார் கணவர். அவருக்குச் சனிக்கிழமையும் அலுவலகம். சாயங்காலம் வண்டியில் வந்துவிடுவதாகச் சொன்னார். நான் அண்ணிக்குப் போன் செய்து, "சும்மா வர்றேன் அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "இன்னாம்மா, ஊட்டையே காலி பண்ணிக்கினு போறீங்களா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அண்ணி கேட்டருகே நின்றிருந்தார். அவர் கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருவார். மகள் கல்லூரி விடுதியில். ஆட்டோவிலிருந்து நானும் மகனும் பெட்டியும் இறங்கியதைப் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார்.

"அவன் வர்லியா?"

"சாயங்காலம் வருவாரு அண்ணி."

"வருவானா?" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காபியில் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகம். கேப்பை அடை சுட்டு, நெய்யை நிறைய விட்டுக் கொடுத்தார். மகளுடைய அறையில் பீரோவைக் காலி செய்து, "இது மொத்தமும் உனுக்குத்தான். எத்தினி நாளு வேணும்னாலும் இரு. யாரு கேக்கறது?" என்றார். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு உபசாரமா என்று நெகிழ்ந்துபோனேன். கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துலயே ஒரு ஸ்கூல் இருக்குது. நல்லா சொல்லித் தர்றாங்களாம்" என்றார். நாங்கள் மகனைச் சேர்த்திருக்கும் பள்ளியைக் குறை சொல்கிறாரோ என்று மதியம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் மகனை அடிக்கடி தனியாக அழைத்துப் போய், "வருதா?" என்று காதில் கேட்டேன். வரவில்லை. முந்தின நாளும் வீட்டில் அவன் போயிருக்கவில்லை. பெட்டியைத் திறந்து வாத்தைக் காட்டலாம் என்றால் அண்ணி எங்களைவிட்டு நகரவே இல்லை. நான் குசுகுசுப்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். அண்ணி கேட்டைத் திறக்கவில்லை.

"அங்கியே நில்லு."

"இன்னாக்கா?"

"இன்னாவா? பொண்டாட்டி புள்ளைய பொட்டியோட தொரத்திட்டு ஸ்வீட் வாங்கிக்கினு வர்றியா? நம்ம ஊட்டுல எவனாச்சும் இப்டி பண்ணியிருக்கானா?"

"நான் தொரத்தல. அவதான் பொட்டியோட போயே ஆவணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

"நிப்பா, நிப்பா. நிக்கிற அளவுக்கு நீ இன்னா பேஜாரு பண்ணியோ. காலைலேர்ந்து அந்தப் பொண்ணு புள்ளைகிட்ட குசுகுசுன்னு அழுதுக்கினு இருக்குது."

கணவர் கேட்டுக்கு மேலாக என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நடந்ததெல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. சர்க்கரை, நெய், பீரோ, பள்ளிக்கூடம். வாயால் விளக்கத் தைரியம் வரவில்லை. பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து திறந்துவிட்டேன். மூடி எழும்பியதும் வாத்து தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தது. அதன் வயிற்றிலிருந்து கணவரின் கட்டம்போட்ட சட்டை எட்டிப் பார்த்தது.

"இன்னாமா இது?"

சொன்னேன். வானூர், டாக்டர், ஏற்காடு, ஒத்திகை, எல்லாவற்றையும். அண்ணி முதலில் கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"அப்ப, என்னப் பாக்கணும்னு நீங்க வர்ல. ஏங் கக்கூஸப் பாக்கத்தான் வந்தீங்க."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். பதில் சொல்வதற்குள் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வருது" என்றான்.

சட்டைகள் பறந்தன. வாத்து குளியலறைக்கு ஓடியது. மகன் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். வெளியே மூவரும் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாத்துக்கு இந்த வீடு புடிக்கல."

மறுபடியும் அந்த டாக்டர், அந்தக் கேள்வி. "கெஞ்சாத, மிரட்டாத, இயல்பா இரு" என்று எனக்கு நானே கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர், "நாளைக்கே டிக்கெட்டு, ரூமு எல்லாத்தியும் கேன்சல் பண்ணிடலாம்" என்றார்.

அண்ணி என்னை நகர்த்திவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குளியலறை வாசலில் உட்கார்ந்தார்.

"டேய் கண்ணு. உங்கப்பன் உன்ன மாதிரி இருக்க சொல்ல, எங்க போவான் தெரியுமா? மல்லாட்டக் கொல்லைக்கி, வேர்க்கல்ல வெளையிற காட்டுக்கு."

"அக்கா, வேணாம்" என்றார் கணவர்.

"தனியா போவ மாட்டான். பயம். நான்தான் காவலுக்குப் போவணும். நான் வரப்புல திரும்பி நின்னுக்கினு இருப்பேன். இவன் உள்ள குந்திக்கினு, 'அக்கா, போயிட்டியா? அக்கா, இருக்கியா?'ன்னு கத்திக்கினே இருப்பான். ஒருநாளு நான் சும்மா வாய மூடிக்கினு இருந்தேன். அவ்ளோதான். அரைக்கா டவுசரு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், மல்லாட்டச் செடியெல்லாம் மிதிச்சிக்கினு ஓடியாறான், 'எங்க அக்காவ நரி தூக்கினு போயிடுச்சி'ன்னு."

உள்ளே மகன் சிரித்தான். முதலில் மெதுவாக, பிறகு குலுங்கிக் குலுங்கி. அந்தச் சிரிப்பின் நடுவே காரியம் நடந்துவிட்டது. சத்தம் கேட்டதும் நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். கணவர் மட்டும் இனிப்புப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

மறுநாள் காலையில் மகன் வாத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அத்தை எங்க? நரி கதை" என்றான். நான் நரி கதை சொல்லிப் பார்த்தேன். ஓடிய விதம் சரியில்லை என்று நிறுத்தச் சொல்லிவிட்டான். அண்ணி வந்து வாளியில் உட்கார்ந்த பிறகுதான் நடந்தது.

ஒத்திகையின் முடிவு அதோடு தெளிவாகிவிட்டது. வாத்து மட்டும் போதாது.

"அண்ணி, நீங்களும் ஏற்காட்டுக்கு வாங்களேன்."

"நான் எதுக்குமா நடுவுல? எனுக்கு மலன்னா நம்ம ஊராண்ட இருக்கிற பனமலதான் தெரியும்" என்றவர், தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அங்க ரொம்பக் குளுருமோ?" என்று கேட்டார்.

கணவர் என்னைச் சமையலறைக்கு வெளியே இழுத்தார். "ஒத்திகைக்கு வந்து ஒரு சாமான் கூடிப்போச்சேடி."

"உங்களுக்குப் புள்ளை வயிறு முக்கியமா, கௌரவம் முக்கியமா?" என்றேன். கல்யாணமான பிறகு நான் அவரிடம் கேட்ட ஒரே கறாரான கேள்வி அதுதான். கேட்டதும் அதிகமாகக் கேட்டுவிட்டேனோ என்று பயமாகவும் இருந்தது.

நான் பத்து நாளாகப் பிரித்து அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில், அண்ணி தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போதே தன் மூட்டையைக் கட்டி முடித்தார். ஆனால் மூட்டை சின்னதாக இல்லை. கம்பளி, தலையணை, வறுத்த மல்லாட்டை, முறுக்கு டப்பா, கால்வலித் தைலம். "உம் பொட்டி பெருசுதான, அதுலயே வெச்சிடு" என்றார். வைத்தேன். எல்லாம் அழகாக அடங்கியது, ஒன்றைத் தவிர.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் சேலம் பஸ் ஏறியபோது அண்ணிக்கு ஜன்னலோரம். பக்கத்தில் மகன். பின் சீட்டில் கணவர், மடியில் துண்டு சுற்றிய வாத்து. துண்டு அலகில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி அதை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"குத்துவிளக்கு" என்றார் கணவர்.

ஏற்காட்டில் முதல் காலை, ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. விடுதியின் குளியலறை வாசலில் அண்ணி கவிழ்த்த வாளியில், கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். கதை நரி வரும் இடத்தை நெருங்கியிருந்தது. பக்கத்து அறைக்காரர்கள் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. கணவர் பால்கனியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் அணிந்திருந்தது அந்தக் கட்டம்போட்ட சட்டைதான். அதில் லேசாக மல்லாட்டை வாசம்.

உள்ளேயிருந்து மகன் கூப்பிட்டான். "அத்தை, போயிட்டியா?"

"இங்கதான்டா குந்திக்கினு இருக்கேன். நீ ஜல்தியா முடி."