மாடிக்கு ஒரு கல்

எங்கள் வீட்டுக்கு முதல் கல் வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் குடியிருந்ததோ வாடகை வீடு. கல் வைத்த இடமும் எங்கள் ஊர் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை எல்லாம் தாண்டி, கேரளத்துக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு வளைவு. அங்கே பாறையோரமாக ஒரு சாமி. அந்தச் சாமிக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். எங்கள் வீட்டில் மற்றவர்கள் அதற்குப் பிறகு நடந்ததைச் சாமியின் மகிமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாமா மட்டும் சொல்வதில்லை.

அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தார். தறிக்கூடத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரே சுவர். தறி ஓடும்போது அடுக்களைத் தட்டிலிருக்கும் டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து கீழே விழும். இருபது வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றதில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவரிடம் நாங்கள் வாயால் பேசுவதைவிடக் கையால் பேசுவதுதான் அதிகம். சாப்பாடு என்றால் ஒரு கைக்காட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்றால் ஒரு கைக்காட்டு. அவர் தூங்கிவிட்டால் பக்கத்தில் வெடி போட்டாலும் எழும்ப மாட்டார். காலைப் பிடித்து இழுக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி நானும் மாமாவும் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி இல்லாத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அந்த வருடம் வீட்டுக்காரர் தறிக்கூடத்தைப் பெரிதாக்கப் போவதாகச் சொல்லி, தை மாதத்துக்குள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆசை அவசரமாகிவிட்டது.

எதிர்வீட்டு அக்காதான் அந்தச் சாமியைப் பற்றிச் சொன்னார். அந்த வளைவில் இறங்கி, வேண்டிக்கொண்டு கல் அடுக்கிவிட்டு வந்தால் வீடு அமையுமாம். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடினால் ஒரு வீடு. அதற்கு மேலே இன்னும் மூன்று வைத்தால் மாடி. அவர்கள் அடுக்கிவிட்டு வந்த மறுவருடமே வீடு கட்டிவிட்டார்கள். அந்த அக்காவின் கணவர் துபாயில் வேலை பார்த்ததை அம்மா ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வாடகை வேன் ஓட்டினார். மாமாவிடம் எதற்கும் ஒரு வழி உண்டு. அந்த வழி பெரும்பாலும் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடக்கும் குறடுதான். ஒழுகும் குழாய், அறுந்த செருப்பு, திறக்காத டப்பா எல்லாவற்றுக்கும் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆடிக்கொண்டிருந்த என் பல்லுக்கும் ஒருமுறை எடுத்து வந்தார். பயத்தில் பல் தானாக விழுந்துவிட்டது. அந்த ஐப்பசியில், புனலூரிலிருந்து ஆட்களை ஏற்றிவர வேன் காலியாகப் போகிறது என்று மாமா வந்து சொன்னதும் அம்மா கிளம்பிவிட்டாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டோம். வேன் தெருவைத் தாண்டுவதற்குள் அவர் பின் சீட்டில் நீட்டிப் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. வளைவில் இறங்கியதும் நான் மலையை அண்ணாந்து பார்த்தேன். அதற்கு வலை போட்டிருந்தார்கள். இரும்புக் கம்பி வலை உச்சியிலிருந்து திரை மாதிரி தொங்கியது. கீழே சாலையோரமாக, பெரியவர்கள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சிமெண்டு கிடையாது. கம்பியைப் பின்னிக் கூடை செய்து, அதற்குள் தட்டைக் கற்களை நெருக்கி அடுக்கி, கூடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். உருண்டு வரும் பாறையின் வேகத்தை வலை குறைக்கும், மிச்சத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, மலை ஓடிப்போகாமலிருக்கக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சுவர் முடியும் இடத்தில் சாமி. சாமியைச் சுற்றி, பாறைத் திட்டு முழுக்கக் கல்வீடுகள். மாடி வீடு, இரண்டு மாடி வீடு, மூன்று மாடி வீடு. ஒரு ஊரே இருந்தது. பக்கத்தில் ‘கல்லை எடுக்காதீர்’ என்று ஒரு பலகை. அதற்கும் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அங்கே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. மழை நாளில் கல் உருண்டால் வண்டிகளை நிறுத்துவதற்காகப் போட்டிருந்த காவல்காரர். எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“தம்பி, வண்டிய இங்கன போடாதிய. வளைவு தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துங்க. ஈரம் காயயிலதான் கல்லு பேந்து வரும்.”

“ரெண்டே நிமிசம் அண்ணாச்சி. கும்பிட்டுட்டுக் கெளம்பிருதோம்” என்றார் மாமா.

“சாமிய நல்லா கும்பிடுங்க. சுவத்துல மட்டும் கைய வைக்காதிய. ஆளுக்கொரு கல்லுன்னு எடுத்து எடுத்து, பாதிச் சுவரு அங்கன வீடா நிக்கு.”

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அதற்குள் ஒரு லாரி ஏறிவரும் சத்தம் கேட்டு அவர் வளைவின் முனைக்குப் போய்விட்டார்.

அம்மா முதலில் சாலையோரக் கற்களைத்தான் பொறுக்கினாள். எல்லாம் உருண்டை. நிறுத்தினால் சாய்ந்தன. சாமிக்கு வைக்கிற வீடு கோணலாக இருந்தால் நன்றாக இருக்குமா? சுவரிலோ கைநுழையும் அளவுக்கு ஏற்கனவே ஓர் ஓட்டை இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்த வேலை. சின்னக் கை என்பதால் என்னைத்தான் உள்ளே கையை விடச் சொன்னாள். மூன்று கல் எடுத்துக் கொடுத்தேன். முதல் கல்லை என்னையே வைக்கச் சொன்னாள். வீடு சீராக நின்றது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். எனக்கு மாடி வேண்டியிருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் நின்றால் கோயில் கோபுரம் முழுசாகத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை அவள் வயிறெரிய வைத்திருந்தாள். ஓட்டைக்குள் மறுபடியும் கையை விட்டேன். நல்ல கற்கள் உள்ளே இறுகிக் கிடந்தன, வரவில்லை. அழுகிற மாதிரி மாமாவைப் பார்த்தேன். மாமா வேனுக்குப் போய்க் குறடை எடுத்து வந்தார்.

இரண்டு கம்பியோ மூன்று கம்பியோ வெட்டினார். ஒரு கல்லை உருவினார். மேலே இருந்த கற்கள் கடகடவென்று சரிந்து, கூடையின் வயிறு முன்னால் தள்ளியது. “ஏலே, வேண்டாம்லே” என்றாள் அம்மா. “ஒண்ணும் ஆவாதுக்கா” என்று மாமா இன்னும் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெட்டிய கம்பியை வளைத்து விட்டார். நான் இரண்டு கல்லை வீட்டுக்கு மேலே நிறுத்தினேன். கூரைக்கல் என் கையில் இருந்தது.

விசில் சத்தம் கேட்டது.

முதலில் மேலே அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். காவல்காரர் கொடியை ஆட்டிக்கொண்டு எங்களைத் தன் பக்கம் ஓடி வரச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மாமாவும் ஓடினார். காவல்காரரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். வேன் அங்கேயே நின்றது. அப்பா அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வீட்டில் அப்பாவிடம் பேசுவோமே, அது போல வெறும் கையைக் காட்டினாள். வேனைக் காட்டினாள், காதைக் காட்டினாள், தூங்குவது போலத் தலையைச் சாய்த்தாள். எங்களோடு ஒரு நாள்கூடப் பழகாத அந்த மனுஷருக்கு அது புரிந்துவிட்டது. கொடியைக் கீழே போட்டுவிட்டு வேனை நோக்கி ஓடினார். மாமா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நானும்தான்.

அவர் கதவை இழுத்துத் திறந்து ஏதோ கத்தினார். பிறகு அப்பாவின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். காலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்பா அரைத்தூக்கத்தில், ஷிப்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று அவரிடம் சண்டைக்குப் போனார். காவல்காரர் அவரைச் சாலையின் அந்த ஓரத்துக்குப் பிடித்துத் தள்ளினார்.

வலை ஓரிடத்தில் உப்பியது. உப்பல் கீழே இறங்கி வந்தது. பீரோ அளவுக்கு ஒரு பாறை வலைக்கு அடியிலிருந்து வெளியே வந்து சுவரில் மோதியது. அவ்வளவு நீளச் சுவரில் அது வந்து மோதியது எங்கள் ஓட்டையில். கூடை பிரிந்து கொட்டியது. பாறை அதன் வழியாகச் சாலைக்கு வந்து, அப்பா தலை வைத்துப் படுத்திருந்த பின்பகுதியை நசுக்கி, வேனைக் குறுக்காகத் தள்ளியது. வேனுக்கும் பாறைக்கும் நடுவில் காவல்காரரின் கால் மாட்டிக்கொண்டது.

“என்ன சத்தம்?” என்று அப்பா கேட்டார். தானாக ஒரு சத்தத்தைக் கேட்டு அவர் விசாரித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

லாரிக்காரர்கள் கடப்பாறையோடு ஓடி வந்தார்கள். மாமா குறடைப் பள்ளத்தில் வீசினார். கை தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, “மாமா, குறடு விழுந்துட்டு. எங்கன விழுந்துச்சுன்னு நான் பாத்தேன்” என்றேன். மாமா என்னை அறைந்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

காவல்காரரை இழுத்து வெளியே கிடத்தியிருந்தார்கள். அவர் தன் காலைப் பார்க்கவில்லை. சுவர் திறந்து கிடந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். “பாப்பா, அத எடுத்த எடத்துல வச்சிரு” என்றார். அவர் சொன்னபடி போனேன். எடுத்த இடம் அங்கே இல்லை. ஒரு வாசல் அளவுக்கு வெளிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால், பாறைத் திட்டில் எங்கள் வீடு ஒரு கல்கூட நலுங்காமல், கூரை மட்டும் இல்லாமல் நின்றது. கொண்டுபோய் மேலே வைத்தேன். அதைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். வண்டி போனது, ஆள் பிழைத்தது, வீடு நிற்கிறது, இதைவிடச் சாமி என்ன சொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

வீடு பிற்பாடு அமைந்தது. மாடியும் உண்டு. கோபுரம் தெரியும். அந்த வளைவில் இப்போது கான்கிரீட் சுவர், ஒரு கல்லை உருவ முடியாது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், ஜனங்கள் பையில் கல் கொண்டு வந்து அடுக்குகிறார்கள்.

கல் விழுந்த பத்தாம் நாள் அந்தக் காவல்காரரைப் பார்க்கத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டாள். மாமா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். மருந்து வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது. அப்பா அவர் கையைப் பிடித்தபடி நின்றார். காவல்காரர் என்னைத்தான் அருகில் கூப்பிட்டார்.

“கல்லத் திருப்பி வச்சிட்டியா, பாப்பா?”

“வச்சிட்டேன்” என்றேன்.

“நல்ல புள்ள” என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காவல்காரர் என்னை நல்ல பிள்ளை என்று சொன்னதை மூன்று நான்கு தடவை சொன்னேன். மாமா எழுந்து கண்டக்டரிடம் விசில் கொடுக்கச் சொல்லி, நடுவழியில் இறங்கிவிட்டார். ஊருக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. வெயிலில் அவர் நடந்து வருவதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிக்கெட் எடுத்தாயிற்றே, மாமா எதற்கு நடக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன்.