ரெமிகியோவின் காலை எண்

ரெமிகியோ சிகுவாயின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது தென் அமெரிக்காவின் அடிமுனையில் உள்ள தியர்ரா தெல் ஃபுயேகோ தீவின் தென்கோடியில் இருந்த பதினொரு மேய்ச்சல் குடில்களுக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குப் பண்ணை வீட்டிலிருந்து ரேடியோவில் ஒவ்வொரு குடிலாகக் கூப்பிடுவார்கள். நிர்வாகி ஆடுகளைப் பற்றியும் வேலிகளைப் பற்றியும் கேட்டு முடித்ததும், பண்ணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஓட்டிலியா ஓயார்சோ ஒலிவாங்கியை வாங்கிக்கொள்வாள்.

“தோன் ரெமிகியோ, இன்னிக்கு எவ்வளவு?”

“நூத்தி எண்பத்திரெண்டு, சென்யோரா. நேத்து ரொட்டி ஒண்ணு கூடப் போயிடுச்சு.”

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டுதான்.”

அதே லைனில் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த அடுத்த குடிலிலிருந்து நெஃப்தாலி கார்கமோ குறுக்கே விழுவான். “மூணு சென்யோரா, மூணு. கிழவன் மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

அந்த ஒரு நிமிடத்துக்காக ரெமிகியோ முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு உட்காருவார். ரேடியோவில் யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இருபது வயதில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் கும்பலோடு சிலோயே தீவிலிருந்து வந்தவர். கும்பல் திரும்பிப் போனது, அவர் போகவில்லை. முப்பத்தேழு வருடமாக அதே குடில். இரண்டு நாய்கள், ஐந்து குதிரைகள், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆடுகள். கல்யாணம் நடக்கவில்லை. அக்காவிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அதுவும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

ஐம்பது வயதில் தாகம் பிடித்தது. ஓடைத் தண்ணீரை வாளியோடு குடித்தார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினார். வசந்த காலத்தில் பண்ணை வீட்டுக்கு இறங்கியபோது ஓட்டிலியா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மாத்தே பானத்தில் அவர் போடும் சர்க்கரையை அன்றோடு நிறுத்தினாள். பெரிய வெள்ளை மாத்திரை மெட்ஃபார்மின், சாப்பாட்டோடு. சின்ன மாத்திரை கிளிபென்கிளமைடு, காலையில். மூன்று வருடம் அவை தாக்குப்பிடித்தன. பிறகு எண் இறங்க மறுத்தது. இன்சுலின்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஊசி போட்டுக்கிற ஆளைத் தனியா மலையில விட முடியாது,” என்றார் நிர்வாகி.

“தினமும் காலையில எங்கிட்ட எண்ணைச் சொல்லட்டும். நான் பார்த்துக்கிறேன்,” என்றாள் ஓட்டிலியா. அப்படித்தான் அந்தக் காலைப் பேச்சு தொடங்கியது.

இரண்டு வகைக் குப்பிகள் கொடுத்தாள். ஒன்று கலங்கல், பால் கலந்த தண்ணீர் போல. அதைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டி, காலையும் மாலையும் போட வேண்டும். மற்றது தெளிவு, எண் எகிறும் நாளில் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும். கலங்கல் மருந்து போட்ட நாலைந்து மணி நேரத்தில்தான் அதன் முழு வேகத்தையும் காட்டும். இரண்டாவது மாதம் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலி கட்டிக்கொண்டிருந்தார். கால்கள் வெடவெடத்தன. முப்பது வருடமாகத் திறந்து மூடிய கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். அளவு இறங்கிப்போனால் தின்பதற்கென்று பையில் வைத்திருந்த சர்க்கரைக் கட்டிகளை வாயில் போட்டுக்கொண்டு குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி அரை மணி நேரம் நின்றிருந்தார். மறுநாள் அதைச் சொன்னதுதான் தாமதம், நெஃப்தாலிக்கு ஒரு வருடத்துக்குப் பேச்சு கிடைத்துவிட்டது.

குப்பியைக் குளிர்ச்சியாக வை என்று காகிதத்தில் அச்சடித்திருந்தது. அங்கே குளிருக்கா பஞ்சம். உறையாமல் காப்பதுதான் பெரும்பாடு. கம்பளிக் காலுறைக்குள் போட்டு, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டி வைப்பார். குதிரையேறும்போது சட்டைக்குள் நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொள்வார்.

அந்த ஜூலைக் குளிர்காலத்தில் நாலு நாள் விடாமல் பனி கொட்டியது. ஐந்தாம் நாள் வானம் வெளுத்ததும், பள்ளத்தில் சிக்கிய ஆடுகளைத் தேடிக் கிளம்பினார். மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று காலுறையை ஆணியிலேயே விட்டுப் போனார். அறுபது ஆடுகளை மீட்டுத் திரும்புவதற்குள் மாலை நாலு ஆகிவிட்டது. அடுப்பு அணைந்து கிடந்தது. வாளித் தண்ணீர் மேலே பனிக்கட்டி. காலுறையைத் தொட்டார். மூன்று குப்பிகளும் கல் போல இருந்தன.

அடுப்பை மூட்டி உருக வைத்தார். தெளிவான மருந்து பழையபடிதான் தெரிந்தது. கலங்கல் மருந்தில் மணல் மணலாக ஏதோ கண்ணாடியில் ஒட்டி நின்றது. எவ்வளவு உருட்டியும் கலக்கவில்லை. ஒரு தடவை உறைஞ்சுட்டா தூக்கிப் போட்டுடணும் என்று ஓட்டிலியா சொன்னது நினைவில் இருந்தது. சொன்னால் டிராக்டர் அனுப்பி இறக்கிக்கொண்டு போவார்கள். இறக்கினால் குடிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் நிச்சயம்.

“எவ்வளவு, தோன் ரெமிகியோ?” என்று மறுநாள் காலை ஓட்டிலியா கேட்டாள்.

“நூத்தி நாப்பது.”

“பரவாயில்லையே.”

உண்மையில் அன்று சர்க்கரை பார்க்கும் கருவி காட்டியது முந்நூற்று எண்பது. வீரியம் போன தெளிவு மருந்தோடு மணல் மருந்தையும் அளவு கூட்டிப் போட்டார். மூன்றாம் நாளிலிருந்து கருவி எண்ணைக் காட்டாமல், அளவு மீறியது என்று மட்டும் காட்டியது. வாளி வாளியாகக் குடித்தார். நாய்களுக்குக் கறி அரியக்கூட எழ முடியவில்லை. முழு ஆட்டுத் தொடையையும் அப்படியே போட்டார். காலை எட்டு மணிக்கு மட்டும் தலை வாரினார்.

ஆறாம் நாளும் நூற்று நாற்பது என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

“சென்யோரா, ஒரு நிமிஷம்,” என்றான் நெஃப்தாலி. குரலில் கேலி இல்லை. “இந்தாளு ஆறு நாளா ஒரே எண்ணைச் சொல்றான். நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், ஒரு தடவை கூடத் திருப்பித் திட்டல. ஏதோ சரியில்ல.”

லைனில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“தோன் ரெமிகியோ, கலங்கல் குப்பியைக் கையில எடுங்க,” என்றாள் ஓட்டிலியா. “உருட்டுங்க. உள்ள எப்படி இருக்கு?”

“மணல் மாதிரி.”

“எத்தனை நாளா?”

பதினொரு குடில்களும் கேட்டுக்கொண்டிருந்தன. முதல் முறையாக அந்த ரேடியோப் பெட்டியை அணைத்துவிடத் தோன்றியது; கை எழவில்லை.

பனியில் ஐந்து மணி நேரம் குதிரையோட்டி நெஃப்தாலிதான் முதலில் வந்து சேர்ந்தான். கோப்பை கோப்பையாகத் தண்ணீர் கொடுத்தான், தூங்கவிடாமல் உலுக்கினான், நாய்களுக்குத் தீனி வைத்தான். பொழுது சாயும் வேளையில் டிராக்டர் வந்தது. அதிலிருந்து இறங்கி வந்த ஓட்டிலியா தன் கோட்டுக்குள் கை விட்டுப் புது இன்சுலினை எடுத்தாள்.

“என்னை ஏமாத்திட்டீங்களே,” என்றாள் ஊசியை ஏற்றிக்கொண்டே.

“போகச் சொல்லிடுவாங்கன்னுதான்…”

“செத்தா மட்டும் இங்கயே இருக்க விடுவாங்களா?”

புந்தா அரேனாஸ் நகர ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அங்கிருந்த டாக்டர் மருந்தை மாற்றினார். ஒன்று இருபத்திநாலு மணி நேரமும் ஒரே சீராக வேலை செய்வது. நாளுக்கு ஒரு தடவை போதும். மற்றது பேனா போன்ற ஊசி. சாப்பிட உட்காரும்போது போட வேண்டியது, பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். “ரெண்டும் தண்ணி மாதிரிதான் இருக்கும். மாத்திப் போட்டுடாதீங்க,” என்று சொல்லி ஒன்றில் சிவப்பு ஒட்டு ஒட்டிக் கொடுத்தார்.

குடில் வேறு ஆளுக்குப் போயிருந்தது. நிர்வாகி நல்ல மனிதர். பண்ணை வீட்டிலேயே சேணம் தைக்கும் வேலை கொடுத்தார், சன்னல் வைத்த அறையும் கொடுத்தார். நாய்களில் ஒன்று அவரோடு வந்தது.

சுகாதார நிலையம் அறையிலிருந்து நாற்பது காலடித் தூரம்தான். முதல் வாரம் எட்டு மணிக்குத் தலை வாரிக்கொண்டு போய் நின்றார். ஓட்டிலியா ரேடியோவில் யாருடைய முதுகுவலியையோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“நோட்டுல நீங்களே எழுதிடுங்க, தோன் ரெமிகியோ. லைன்ல ஆள் இருக்கு.”

நூற்றுப் பதினெட்டு என்று எழுதினார். மறுநாள் நூற்று இருபத்தைந்து. மாதக் கடைசியில் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். “இவ்வளவு நல்லா உங்களுக்கு என்னிக்குமே இருந்ததில்ல. இனி வாரம் ஒரு தடவை வந்தாப் போதும்.”

“வாரம் ஒரு தடவையா?”

“ஏன், சந்தோஷமில்லையா?”

“சந்தோஷம்தான்,” என்றார்.

செப்டம்பரில் நெஃப்தாலி பண்ணை வீட்டுக்கு வந்தான். ரேடியோவில் பத்தொன்பது வருடப் பழக்கம். நேரில் பார்த்தது பத்துத் தடவைக்கு மேல் இருக்காது. சர்க்கரையில்லாத மாத்தேயை மாறி மாறி உறிஞ்சினார்கள். நெஃப்தாலி சுவரைப் பார்த்தான், ரெமிகியோ நாயைப் பார்த்தார்.

“அறை சூடா இருக்கு,” என்றான் நெஃப்தாலி.

“ம்.”

“என் குடில்ல கூரை ஒழுகுது.”

“தகரம் போடு.”

“போடணும்.” இன்னொரு மாத்தே குடித்துவிட்டு எழுந்தான். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். “நீ இல்லாம லைன்ல யாரைத் திட்டுறதுன்னே தெரியல, கிழவா,” என்றான். பதிலுக்கு நிற்காமல் குதிரையை நோக்கிப் போய்விட்டான்.

சாப்பாட்டு மணி அடித்தது. நீள மேசையில் பன்னிரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பந்தாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெமிகியோ ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார். சூப் வரத் தாமதமானது. மருந்து காத்திருக்காது என்பதால், முன்னால் இருந்த ரொட்டியைப் பிட்டுத் தனியாகத் தின்ன ஆரம்பித்தார்.