தேங்க்ஃபுல் வீட்டு நீல விளக்கு

“பருந்து கத்துறது வாஷிங்டன்ல, குஞ்சு தொலையுறது என் வீட்ல.”

தேங்க்ஃபுல் ராத்பன் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் இதைச் சொல்வாள், ஆப்பிள் மது ஊற்றும்போதும் சொல்வாள். 1812இல் இங்கிலாந்தோடு போர் போர் என்று அமெரிக்கக் காங்கிரஸில் குரல் கொடுத்தவர்களுக்கு ‘போர்ப் பருந்துகள்’ என்று நாடே பெயர் வைத்திருந்தது. அவள் பெயருக்கு நன்றியுள்ளவள் என்று பொருள். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அவள் வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

நியூ லண்டனுக்கு எதிர்க்கரையில், ஆற்றைப் பார்த்த மாதிரி அவள் மதுவிடுதி. ஊருக்கு லண்டன் பெயர், ஆற்றுக்குத் தேம்ஸ் என்று லண்டன் ஆற்றின் பெயர், சண்டை மட்டும் லண்டனோடு.

ஊர்க்காவல் படைக்குக் கேப்டன் அசாஹேல் பெக்வித். சிறு வயதில் அவளிடம் அடி வாங்கியவர். இப்போது தொப்பியில் இறகு வைத்திருந்தார்.

“கடல்ல நம்ம பசங்களப் பிடிச்சுட்டுப் போய் இங்கிலீஷ்காரன் அவன் கப்பல்ல வேலை வாங்குறான் தேங்க்ஃபுல். அதுக்குத்தான் சண்டை.”

“சண்டை வந்ததுலேர்ந்து நம்ம ஊர்க் கப்பலே கரையத் தாண்டல. யாரப் பிடிப்பான், என் கோழியையா?”

போர் தொடங்கிய வருடம் நம் கப்பல் ஒன்று இங்கிலீஷ் கப்பலை நொறுக்கியதாகச் செய்தி வந்தது. கேப்டன் மகிழ்ச்சி தாங்காமல் ஊர்ப் பீரங்கியை வெடித்தார். குண்டு போடாத வெறும் வெடிதான். ஆனாலும் அந்த அதிர்ச்சியில் விடுதியின் ஜன்னல் கண்ணாடி ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. கண்ணாடி வருவதே இங்கிலாந்திலிருந்து; அதுவோ எதிரி நாடு. தேங்க்ஃபுல் முணுமுணுத்தபடியே, உடைந்த நீலக் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியை அந்த ஓட்டையில் வைத்துப் பூசினாள்.

அடுத்த வருடம் இங்கிலீஷ் கப்பல்கள் வந்து ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டன. நம் கப்பல்கள் நழுவப் பார்த்தபோதெல்லாம் கரையிலிருந்து யாரோ நீல விளக்குக் காட்டி எதிரிக்குத் துப்புக் கொடுத்ததாகப் பேச்சு எழுந்தது. போரைக் குறை சொன்னவர்களுக்கெல்லாம் ‘நீல விளக்கு’ என்று வசைப்பெயர் விழுந்தது. குறை சொல்வதில் தேங்க்ஃபுலை மிஞ்ச ஆளில்லை. நீல வெளிச்சம் தெரிந்த ஜன்னலும் அவளுடையதுதான்.

ஊர்க்கூட்டம் கூடியது. துரோகி என்று முடிவானால் விடுதியின் உரிமம் போய்விடும். புருஷன் செத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த விடுதி ஒன்றுதான்.

கேப்டன் எழுந்து தொண்டையைச் செருமினார். “அந்த ஜன்னல்ல நீலமா வெளிச்சம் வருது. என் கண்ணால பாத்தேன்.”

“எங்கேர்ந்து பாத்த?” என்றாள் தேங்க்ஃபுல்.

“வாசப்படிலேர்ந்து.”

“உள்ள வரும்போதா, உன்னை வெளிய தள்ளும்போதா?”

பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சாட்சி நீதானே அசாஹேல்? அந்த ஓட்டை எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடு.”

கேப்டன் கூரையைப் பார்த்தார். “அது... வெற்றிக் கொண்டாட்டத்துல...”

“யார் கொண்டாடுனது?”

கூட்டம் அவரையே பார்த்தது. “நான்தான்” என்றார், இறகு ஆட.

இப்போது ஊர்ப் பெரியவர்களுக்குச் சிக்கல். அவளைத் துரோகி என்றால் அவளுக்கு விளக்குச் செய்து கொடுத்தது கேப்டன் என்றாகிவிடும். யோசித்து யோசித்து, தேங்க்ஃபுல் குற்றமற்றவள், உரிமம் அவளுக்கே, விளக்குதான் குற்றவாளி, சமாதானம் வரும்வரை அதை ஏற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் ஊர் இருட்டில் குடித்தது. கேப்டன் ஒரு நாள் பக்கத்தில் இருந்தவரின் கோப்பையென்று நினைத்து எச்சில் துப்பும் கலயத்தைத் தூக்கியதோடு சரி. வேறு பெரிய போர்ச் சேதம் இல்லை.

சமாதானம் வந்து, முதல் இங்கிலீஷ் கண்ணாடி வந்து இறங்கியதும் கேப்டனே ஒரு துண்டு வாங்கி வந்தார். அவள் அதைக் கோழிக் கூண்டுக்கு வைத்தாள். நீலத்தை எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து அவள் படுக்கையில் விழுந்தபோது, கிழவராகிப்போன கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயவும் விளக்கை ஏற்றி ஜன்னலோரம் வைத்தார். சுவரெல்லாம் நீலம்.

“இப்பவாவது என்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லேன், தேங்க்ஃபுல்.”

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “மன்னிச்சா மேல போய் உன்னைப் பத்தி என்ன சொல்றது அசாஹேல்? அந்த மூணு வருஷச் சண்டையில உன் பீரங்கி விழுத்தாட்டுன ஒரே எதிரி என் ஜன்னல்தான். அந்தப் பெருமையையும் நான் பிடுங்கிட்டா நீ எதுக்குத்தான் கேப்டன்?”