திறப்பும் செல் துண்டும்

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் எங்களுக்கு மூளையைப் பார்ப்பதற்கு முன் இரும்பைத் தேடுவதுதான் வேலை. ஆஸ்பத்திரி வாங்கில் குந்தி முறைக்குக் காத்திருந்து அலுத்த உங்களுக்குத் தெரியும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்போம். சும்மா இல்லை, அந்த மெஷினே ஒரு பெரிய காந்தம்.

கணக்கில் வராத இரும்பு

தர்மபுரத்தில் வயல் செய்யும் யோகராசா அண்ணைக்கு நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று வலிப்பு வரத் தொடங்கியது. இடது கை விரல்களில் தொடங்கி உடம்பெல்லாம் பரவும். மூளையில் கட்டி இருக்கலாம் என்று டொக்டருக்குச் சந்தேகம், எங்களிடம் அனுப்பினார். உடம்புக்குள் இரும்பு ஏதும் உண்டா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றார். உடுப்பு மாற்றும்போது பார்த்தால் கெண்டைக்காலில் பெரிய தழும்பு. கேட்டால், உள்ளே செல் துண்டாம், வெடித்த குண்டின் இரும்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரோ ஆறுதலாகச் சொன்னார்:

"அது சண்டை நேரம் பட்டது, தம்பி. இவ்வளவு காலமும் பேசாமல்தானே கிடக்குது, அதையும் சொல்லவேணுமே?"

பொத்திய கை

காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், அந்தத் துண்டால் ஆபத்தில்லை என்றார். ஸ்கான் அறை வாசலில் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அண்ணையின் இடது கை பொத்தியபடி இருந்தது. விரித்தால் வீட்டைப் பூட்டும் இரும்புத் திறப்பு! வலிப்புக்காரர் கையில் இரும்பைக் கொடுக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி மனைவி மலர் அக்கா வைத்துவிட்டிருந்தார். உள்ளே போயிருந்தால் காந்தம் அதைப் பறித்து அவர் முகத்திலேயே அடித்திருக்கும். பயத்தில் கத்திவிட்டேன். மலர் அக்கா அழுதுகொண்டு கேட்டார்:

"உள்ளுக்குள்ளை வலிப்பு வந்தால் ஆர் தம்பி இவரின்ரை கையைப் பிடிக்கிறது?"

இரண்டாம் முறை

அன்று திறப்புக்குப் பதிலாக, எங்களைக் கூப்பிட அமத்தும் இறப்பர் பந்தை அண்ணையின் கையில் கொடுத்தேன். படத்தில், மூளையின் வலது பக்கத்தில் நெல்லிக்காயளவு கட்டி தெரிந்தது. படம் எடுப்பவன் முடிவு சொல்லக்கூடாது. மலர் அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கஷ்டமான நேரம் வேறில்லை.

கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கானுக்கு வந்தார்கள். குளிசை இன்னும் விழுங்குகிறார், வலிப்பு மட்டும் ஒருநாளும் வரவில்லையாம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மலர் அக்கா சொன்னார்:

"காலுக்குள்ளை செல் துண்டு இருக்கு, எழுதுங்கோ. திறப்பு இப்ப வீட்டுக் கதவிலைதான் கிடக்கு, தம்பி."

மூளையைப் படம் பிடிக்கத்தான் படித்தேன், ஆனால் இப்போதும் முதலில் பார்ப்பது பொத்திய கையைத்தான்.