காவடி வரிசையில் கிடைத்த காரணம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையில் தரிசன வரிசையில் நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அதற்கு முந்தின நிமிஷம் வரை நான் முருகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை என் அக்கா மகள் தன்யாவுக்காக. ஏழு வயது, எல்.கே.ஜி. பிள்ளையின் உயரம். உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கவில்லை என்று சென்னையில் கண்டுபிடித்து, தினமும் போட ஊசி கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் மளமளவென்று வளர்ந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியது. மொட்டை போட்டு நன்றி சொன்னோம். பிறகு, ஊசி போடப் போட, உயரம் அப்படியே நின்றுவிட்டது. கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டாயே முருகா! கொடுக்காமலே இருந்திருக்கலாமே.

வீட்டில் பழி அக்கா மேல் விழுந்தது. "மருந்த பிரிட்ஜ்ல ஒழுங்கா வெச்சிருக்க மாட்டே" என்றார் அக்காவின் கணவர். அம்மாவும் தலையாட்டினாள். தன்யா மட்டும், "ஊசி என்கூட டூ விட்டுடுச்சு சித்தி" என்றாள்.

வரிசையில் கண்ணை மூடிக் கேட்டேன்: "உயரம் வேணாம். காரணத்தையாவது காட்டு."

பக்கத்தில் நின்ற புத்தூர்க்கார அம்மா அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். "பூக்காவடி தூக்கிகினு போறாரே, உன் ஊட்டுக்காரரா? உன் ஜாடையே கீதே!"

"ஆங், எங்கம்மாவோட சொந்தத் தம்பி. தாய்மாமனத்தான் கட்டிகினேன்."

சட்டென்று எங்கள் அம்மா அக்காவின் கையைக் கிள்ளினாள்.

எங்கள் பக்கத்தில் மாமனைக் கட்டுவது சாதாரணம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பயோடெக்னாலஜி படிக்கிற என் மூளை அப்போதுதான் விழித்தது.

"அம்மா, சொந்தத்துல கல்யாணமான்னு டாக்டர் கேட்டப்ப இன்னா சொன்னே?"

"அன்னியம்னேன். நமக்கு முன்னாடி போன குடும்பத்த, சொந்தத்துல கட்டினதுக்கு அந்த டாக்டரம்மா அந்தத் திட்டு திட்டிகினு இருந்தாங்க. நம்ம மானமும் போணுமா?"

ரத்தம் எடுக்க அக்கா பிள்ளையோடு போயிருந்த நேரத்தில், அம்மா தனியாகச் சொன்ன பொய் அது. பொய் அவளுடையது, பழி சுமந்தது அக்கா. "அரோகரா" சொல்லக்கூட வாய் வரவில்லை.

சென்னைக்குப் போய் டாக்டரிடம் நானே உண்மையைச் சொன்னேன். மரபணுச் சோதனை செய்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை உண்டாக்கும் மரபணு எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்குமாம்; அக்காவிடமும் மாமாவிடமும் ஒவ்வொன்றுதான் இருந்தது. ஒரே குடும்பத்திலிருந்து வந்த இரண்டு குறையும் தன்யாவிடம் சேர்ந்துவிட்டன. அவளுக்கு அந்த மரபணுவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த ஹார்மோனைப் பார்த்திராத உடம்பு, ஊசியில் வந்ததை வேற்றாள் என்று எதிர்த்திருக்கிறது. குழந்தை சொன்ன டூ நிஜம்தான். சொந்தத்தில் பிறந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அக்காவைக் குறை சொல்வதை விட்டு, ஆஸ்பத்திரிப் பையை மாமாவே சுமக்கிறார்.

கேட்டது காரணம், அதை முருகன் கேட்ட இடத்திலேயே காட்டினான். அவனோடு என் சண்டை முடிந்தது. நம்பிக் கேளுங்கள். அவனிடம் மறைக்காததை டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

அந்த ஹார்மோனைத் தாண்டி நேராக வேலை செய்கிற வேறு ஊசி மருந்து ஒன்று உண்டாம். இங்கே எளிதில் கிடைக்காது. வரவழைக்க ஏற்பாடு நடக்கிறது. தை பிறந்ததும் தொடங்குவோம். பலிக்குமா, தெரியாது.

முருகனின் சினம் தணிந்த மலை இது. அம்மா மேல் எனக்கு இன்னும் தணியவில்லை. ஆனாலும் முதல் ஊசியன்று அவளையும் அழைத்துப் போகப்போகிறேன். டாக்டர் கேட்பதற்கெல்லாம் இந்த முறை அவளே பதில் சொல்லட்டும்.